உள்ளே இருப்பது தெரிய வேண்டுமாம்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மலையாளம் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தாள்களை அதில் நான்தான் டைப் அடிப்பேன். சம்பளம் கிடையாது, பகலில் கொப்பரை வியாபாரி ஒருவரின் ஆபீசில் வேலை, சாயங்காலம் சங்கம். ஆன் செய்துவிட்டு சாயா குடித்துத் திரும்பினாலும் கம்ப்யூட்டர் இன்னும் எழுந்திருக்காமல் முழித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரங்களின் கடைசியில், ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் துபாயிலிருந்து மைத்துனர் மூலம் ஒரு எஸ்எஸ்டி வரவழைத்து சங்கத்துக்குக் கொடுத்தார். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுவது; சீட்டுக்கட்டு அளவுதான். கேபினெட்டில் ஹார்டு டிஸ்க்குக்கு இருந்த இடமோ அதைவிட அகலம். ஒரு பக்கம் ஸ்க்ரூ எட்டினால் மறுபக்கம் எட்டாது.

“வயரிலேயே தொங்கட்டும், கனமா என்ன?” என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்துச் சுள்ளிக்கலில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் ஒரு தகடு வெட்டி, துளை போட்டு வாங்கிவந்தேன். எஸ்எஸ்டியைத் தகட்டில் முடுக்கி, தகட்டை இரண்டு பக்கமும் கேபினெட்டில் முடுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அன்று முதல் சுவிட்சைத் தட்டியதும் கம்ப்யூட்டர் எழுந்தது.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் செயலாளர் முதலாளியை அழைத்துவந்தார்.

“நான் கொடுத்தது எங்கேம்மா?”

“உள்ளே இருக்கு சார். எவ்வளவு வேகமா வருது பாருங்க.”

“வேகம் இருக்கட்டும். ஃபேன் கொடுத்தவன் பேர் ஃபேன்ல சுத்துது. நான் கொடுத்தது யாருக்குத் தெரியும்?”

செயலாளர் என்னிடம், “பக்கத்து மூடியைக் கழற்றி வெச்சிடு தங்கச்சி” என்றார்.

“தூசி, எலி, உப்புக்காத்து எல்லாம் உள்ளே போகும் அண்ணா. மூடி எதுக்கு இருக்கு?”

“ரெண்டு ஸ்க்ரூவுக்கு இவ்வளவு கோபமா?” என்றவர், என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அவரே கழற்றினார்.

விழாவில் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது; உள்ளே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. முதலாளி சந்தனத்தை விரலில் குழைத்து, எஸ்எஸ்டிக்குப் பொட்டு வைக்கக் கையை உள்ளே விட்டார். நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“பெரியவங்க கையைப் பிடிக்கலாமா? மன்னிப்புக் கேளு” என்றார் செயலாளர். விரல் வெட்டுப்பட்டிருக்குமே, ஈரச் சந்தனம் போர்டில் சொட்டியிருக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“கேக்க மாட்டேன்” என்றேன். எல்லார் முன்னாலும் கம்ப்யூட்டரை அணைத்தேன். மூடியை எடுத்து வைத்து, இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். “இனி எங்கே வேணும்னாலும் வைங்க சார்.”

அவர் மூடியின் மேல் பொட்டு வைத்தார். முகம் இறுகியிருந்தது.

மறுவாரம் அந்த மூடி முழுக்க அவர் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். வாசலில் நுழைகிறவர்களுக்குப் பெயர் தெரிய வேண்டும் என்று கேபினெட்டையே திருப்பி வைத்ததில் சுவிட்ச் சுவர்ப்பக்கம் போய்விட்டது. நான் அங்கே போன வருடங்கள் முழுக்க, மேசையில் சாய்ந்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கையை விட்டுத் தடவித்தான் அதை ஆன் செய்தேன்.