நானாவின் மொசைக் முத்திரைகள்

கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் துணிக்கடை வைத்திருப்பவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய தபால் முத்திரை ஆல்பத்தைத்தான் சகிக்க முடியாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, முத்திரை சேர்க்கும் நாங்கள் கண்டி டவுனில் கூடுவோம். மற்றவர்கள் பறவை, ரயில், கிரிக்கெட் என்று கொண்டுவருவார்கள். நானாவிடம் கிரேக்கப் புராணங்கள். அதிலும், பழைய மாளிகைத் தரைகளில் சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த மொசைக் படங்கள் அச்சான முத்திரைகள் மட்டும். கப்பலின் பாய்மரத்தில் கட்டுண்டு நிற்கும் யுலிசிஸ், துனிசியாவிலிருந்து. மிருகங்கள் சூழ யாழ் மீட்டும் ஓர்ஃபியஸ், சைப்ரஸிலிருந்து. அவர் ஆல்பத்தைத் திறந்தால் கூட்டம் அங்கே போய்விடும். என் வண்ணத்துப்பூச்சிகளோடு நான் தனியே உட்கார்ந்திருப்பேன். வயிறு எரியும்.

எனக்கு ஏரிக்கு மேலே ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசை வேலை. போன வருடம் சைப்ரஸிலிருந்து ஓர் அம்மா வந்து தங்கினார். பேச்சுவாக்கில் முத்திரை சேர்ப்பதைச் சொன்னேன். ஊர் திரும்பியதும் ஒரு முத்திரை அனுப்பிவைத்தார். மொசைக்கில் காசியோப்பியா ராணி! நானா எல்லோரிடமும் சொல்லிவைத்து நெடுநாளாகத் தேடிய அதே முத்திரை.

நானாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று மனசு துடித்தது. ஞாயிறு வரை பொறுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு திகன பஸ் ஏறினேன்.

"வாங்க தம்பி, இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். முத்திரையை மேசையில் வைத்தேன். பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் குனிந்தவர், கல்லாவிலிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்களே! அந்த ராணி வந்துட்டா!"

மனைவி வந்து பார்த்தார். "இவவையா இவ்வளவு நாளா தேடினீங்க?"

"எனக்குக் கெடைக்கல்ல, தம்பிக்குக் கெடைச்சிருக்கு. அந்தக் கழுத்தப் பாருங்க, கல்லு ஒவ்வொண்டா நிறம் மாறி மாறிப் போகுது!"

அந்தக் குரலில் துளி வருத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை.

"இவட கதை தெரியுமா, தம்பி?"

முத்திரையோடு சைப்ரஸ் அம்மா எழுதியிருந்ததைச் சொன்னேன். கடல் தேவதைகளைவிடத் தானே அழகி என்று ராணி பெருமையடித்தாள். அதற்காகத் தண்டனை பெற்றாள் என்பதுதான் வழக்கமான கதை. ஆனால் அந்த மொசைக் தரையில் அழகுப் போட்டியில் ராணியே ஜெயிக்கிறாள். தோற்றவர்கள் கடலுக்குத் திரும்பிப் போகிறார்கள்.

"அப்ப அந்தக் கடல் பொண்ணுகளுக்கு என்னா எரிச்சல் வந்திருக்கும்!" என்று நானா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சுட்டது.

தேத்தண்ணி கொடுத்து, பஸ் வரும்வரை ரோட்டில் கூடவே நின்றார். "பத்திரமா வைங்க. யார்ட கையில இருந்தா என்ன, நான் பாத்துட்டேனே."

அதுவரை அவருடைய முத்திரைகள்மேல்தான் பொறாமை. பஸ்ஸில் வரும்போது, அடுத்தவனுக்குக் கிடைத்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட முடிந்த மனசின்மேலும் வந்துவிட்டது.

"நானா என்ன சொன்னாரு?" என்று வீட்டில் என் மனைவி கேட்டாள்.

"சந்தோஷப்பட்டாரு."

"அதுக்கு நீங்க ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?"

முத்திரையை விளக்குக்கு நேரே பிடித்தேன். கழுத்துக் கற்கள் உண்மையிலேயே நிறம் மாறிக்கொண்டு போயின. என் முத்திரையில் அதை முதலில் கண்டவர் அவர். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.