சம்பியன்களின் கடைசிச் சுற்று

எங்கள் வாவிக்கரை மைதானத்தில் தடை ஓட்டம் நடக்கும் நாளில் புதியவர்கள் காலையிலேயே ஓடி முடித்துவிடுவார்கள். முன்பு வென்றவர்களை மட்டும் பின்னேரம் வரைக்கும் பந்தலில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். அது கௌரவம். சனம் நிறைந்த பிறகு ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடைசிச் சுற்றில் ஓட விடுவார்கள். அதற்குள் அத்தனை பேரும் மிதித்துக் குழப்பிய சேற்றுக்கிடங்கு இடுப்பளவுக்கு இளகியிருக்கும். பலகைச் சுவரில் ஏறுவதற்குக் கட்டிய கயிறு காலையிலிருந்து எல்லோருடைய கையிலிருந்த சேற்றையும் வாங்கி வழுவழுவென்று தொங்கும். முதல் தடவை ஓட வந்தவளுக்குக் காய்ந்த கயிறு, வென்றவளுக்கு இந்தக் கயிறு. நான் வென்ற வருஷம் இது எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

காலையில் ஓடினாலும் பின்னேரம் ஓடினாலும், எல்லோரிலும் குறைந்த நேரத்தில் முடிப்பவர்தான் அந்த வருஷம் வென்றவர். வென்றவர்களுக்குள்ளும் ஒரு வரிசை இருந்தது. கடைசியாக வென்றவருக்கு நெஞ்சில் ஒன்றாம் இலக்கம். அவருக்கு முன் வென்றவர் இரண்டு. இப்படிப் பழையவர்கள் வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்குவார்கள். பந்தலில் எந்தக் கதிரை, பதாகையில் எவ்வளவு பெரிய படம் என்பதெல்லாம் அந்த இலக்கத்தைப் பொறுத்தது. ஒரு வருஷம் ஓடி முடிக்காவிட்டால் இலக்கம் போய்விடும்.

பெண்கள் ஓட்டத்தில் முதன்முதலில் வென்றவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த அக்கா. சொந்தக்காரர் இல்லை, ஆனால் அக்கா என்றால் எங்கள் வீட்டில் அவரைத்தான் சொல்வோம். அவர் வென்றதைப் பார்த்துத்தான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் அவருக்கு வேலை கொடுத்தது. காலையில் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்கு உடற்பயிற்சி காட்ட வேண்டும். போட்டிக்கு அனுசரணையும் அந்த ஹோட்டல்தான். பலகைச் சுவரின் உச்சியில் அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. புருஷன் விட்டுப்போன பிறகு மகளை வளர்த்தது அந்த வேலையை வைத்துத்தான்.

நான் அவரைத் தோற்கடித்த அன்று, முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். சேற்றோடு வந்து கட்டிப்பிடித்தார். "ஒண்டாம் நம்பர் உனக்கு வடிவா இரிக்கு புள்ள" என்றார். அடுத்த வருஷம் இன்னொருத்தி வென்றாள். நான் இரண்டுக்கு இறங்கினேன், அக்கா மூன்றுக்கு. ஹோட்டல் சுவரில் படமும் மாறியது.

அதற்கடுத்த போட்டிக்கு முன் அக்காவின் முழங்கால் வீங்கத் தொடங்கியது. எண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

"இந்த வருஷம் ஓடாதீங்க அக்கா" என்றேன்.

"ஓடாட்டி நம்பர் போயிரும்."

"போனாப் போகட்டும்."

"நீ நேசரிப் புள்ளையளுக்குப் படிப்பிக்கிறாய், உனக்குப் பரவால்ல. நம்பர் இல்லாதவள வச்சு அவங்க என்ன செய்யிற? மெனேஜர் இப்பவே கேக்கிறார், இந்த முறையும் ஓடுறீங்கதானே எண்டு."

இரண்டு பேரும் போட்டியை நடத்தும் விளையாட்டுக் கழகத்தின் தலைவரைப் பார்க்கப் போனோம். சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர், கெட்ட மனிதர் இல்லை. கதிரை போட்டு, சோடா வாங்கிக் கொடுத்தார். முழங்கால் சுகமாகும் மட்டும் ஒரு வருஷம் இலக்கத்தை வைத்திருக்க முடியாதா என்று நான் கேட்டேன்.

"ஒராளுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க தங்கச்சி. சம்பியன் எண்டா ஓடிக் காட்டணும்" என்றார்.

அக்கா தாழ்ந்த குரலில், "அப்ப காலைல ஓட விடுங்க. கயிறு காஞ்சிரிக்கக்குள்ள ஓடிட்டுப் போறன்" என்றார்.

தலைவர் சிரித்தார். "சம்பியன்மாரக் காலைலயே ஓட விட்டா, பின்னேரம் மட்டும் ஆர் நிண்டு பாக்கிற?"

அக்கா சோடாவைக் குடிக்கவில்லை. போத்தலைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்துவிட்டார்.

போட்டியன்று பந்தலுக்குள் வெக்கை தாங்க முடியவில்லை. எங்களைக் கூப்பிட்டபோது சனம் கத்திய சத்தத்தில் அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு உண்மையானது. ஓடத் தொடங்கியதும் முழங்காலை மறந்தவர் போலச் சேற்றைத் தாண்டி வலைக்கடியில் ஊர்ந்து வந்தார். பலகைச் சுவரில் நான் ஏறி மறுபக்கம் குதித்து ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் சனம் "ஐயோ" என்றது. திரும்பிப் பார்த்தேன். சுவரின் உச்சியைப் பிடிக்கக் கையை எடுத்த நேரம் கயிறு மற்றக் கைக்குள்ளால் வழுக்கிவிட்டிருக்கிறது. சேற்றில் விழுந்திருந்தால் தப்பியிருப்பார். சுவருக்கு முட்டுக்கொடுத்திருந்த மரக்குற்றியில் கால் குறுக்காக விழுந்துவிட்டது.

நான் ஓடிப்போய்ச் சேற்றில் உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இடது பாதம் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

"நீ போ புள்ள. உன்ட நம்பரும் போயிரும். போ."

"காலப் பாக்காதீங்க அக்கா. என்னப் பாருங்க."

எங்களுக்குப் பின்னால் வந்தவள் ஒருகணம் நின்றுவிட்டுப் பக்கத்தில் தொங்கிய இன்னொரு கயிற்றைப் பிடித்து ஏறினாள். அறிவிப்பாளர் நிறுத்தவில்லை. "மூன்றாம் இலக்கம் சற்று ஓய்வெடுக்கிறார்" என்றார். பந்தலில் கட்டியிருந்த சேலையைக் கழற்றி, அதில் கிடத்தித்தான் அக்காவை ஓட்டோவுக்குத் தூக்கிப்போனார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் கையைக் கடித்துக்கொண்டு வந்தார்.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். புண் ஆறுவதற்குள் மறுபடியும் வெட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் கணுக்கால் மடங்காமல் நின்றுபோனது. ஹோட்டலிலிருந்து ஒருதரம் பழக்கூடை வந்தது. பிறகு கடற்கரையில் வேறொரு பிள்ளை உடற்பயிற்சி காட்டுவதாக அறிந்தோம். அவர்களிடம் போய்க் கேட்கலாம் என்றேன். "கேட்டு? நொண்டிக்கொண்டு காட்டுறதா?" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷப் பதாகையில் அக்காவும் இல்லை, நானும் இல்லை. இருவரும் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஆனாலும் தலைவர் வீடு தேடி வந்து, பந்தலுக்குள் இடம் போட்டிருப்பதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அக்கா நல்ல சாறி ஒன்றை எடுத்து உடுத்தார்.

முன்வரிசைக் கதிரைகளில் இலக்கம் ஒட்டியிருந்தது. எங்களுக்குப் போட்டிருந்தது கடைசி வரிசையில், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை. "முன்னாள் போட்டியாளர்கள் இருவரும் வருகை தந்திருக்கிறார்கள்" என்றார் அறிவிப்பாளர். சம்பியன் என்ற சொல் வரும் என்று அக்கா எழும்பப் பார்த்தவர் அப்படியே இருந்துகொண்டார். படம் எடுக்கக் கூப்பிட்டபோது, "ஊன்றுகோலக் கொஞ்சம் கீழ வைங்க அக்கா, வடிவில்ல" என்றான் படம் எடுப்பவன். அக்கா கீழே வைத்தார். விழாமல் இருக்க இடுப்பில் நான் பிடித்துக்கொண்டேன்.

கடைசிச் சுற்றுக்கு ஆட்கள் வரிசையில் நின்றபோது அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "கயித்தத் துடைக்கச் சொல்லு" என்றார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அக்காவின் தோளில் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு, வேலிக் கயிற்றுக்குக் கீழால் புகுந்து சுவரடிக்குப் போனேன். எட்டிய மட்டும் கயிற்றைப் பிடித்துத் துடைத்தேன். சனம் கூவிச் சிரித்தது. கழகத்துப் பெடியன்கள் இருவர் வந்து என் கையைப் பிடித்தார்கள்.

வரிசையில் இரண்டாம் இலக்கத்தோடு நின்றவள் என்னிடம் வந்தாள். முன்பு நான் தோற்றது அவளிடம்தான். "உங்களுக்கு ஏலாட்டி வீட்ட இரிங்க கா. எங்கட பேரப் பழுதாக்காதீங்க" என்றாள்.

அவள் அந்தக் கயிற்றில் ஒருதரமும் வழுக்காமல் ஏறி முடித்தாள். யாரும் விழவில்லை. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இனிமேல் எங்களைக் கூப்பிடமாட்டோம் என்று தலைவர் அன்றே சொல்லிவிட்டார்.

ஓட்டோவில் வரும்போது அவள் சொன்னதைச் சொல்லி நான் அழுதேன். அக்கா அழவில்லை. "அவள் சொன்னதில பிழையில்ல. எனக்கு நம்பர் இரிக்கக்குள்ள ஆரும் இப்பிடி வந்து துடைச்சிரிந்தா, நானும் அதத்தான் சொல்லியிரிப்பன்" என்றார்.

இப்போது அக்கா வீட்டில் தையல் செய்கிறார். பள்ளிக்கூடச் சட்டைகள், சாறிக்கு ஓரம் அடிப்பது. இந்த வருஷமும் போட்டி நடந்தது. பின்னேரம் நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். கடைசிச் சுற்றுக்குப் பெயர்கள் வாசிக்கிற சத்தம் காற்றோடு வந்தபோது நான் யன்னலைச் சாத்த எழுந்தேன். "திறந்து கிடக்கட்டும், வெக்கையா இரிக்கு" என்றார் அக்கா. வலது காலால் மெசினை மிதித்துக்கொண்டேயிருந்தார்.