உதயகலா உடைத்த மதில்

றோட்டிலிருந்து பிரியும் எங்கள் சின்ன ஒழுங்கையில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் உதயகலாவுக்கு ‘குளத்து ராணி’ என்று பட்டம் வைத்தவன் நான். மயிலிட்டிப் பக்கம், கடலுக்குக் கிட்ட இருக்கிற ஊர் இது. மாரி மழை குளத்தில் தங்கினால்தான் கிணறுகளில் நல்ல தண்ணீர். தங்காவிட்டால் சித்திரையிலேயே உப்பு ஏறிவிடும். பிறகு தண்ணீர் பவுசருக்குப் பின்னால் வாளியோடு ஓட வேண்டியதுதான். போன ஆவணியில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் குளத்தைத் தூர் வாரினாள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்று புத்திமதி சொன்னேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். குளமோ பாதிகூட நிரம்பவில்லை. கடற்கரை றோட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட, பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணை மண் தோண்டும் பெக்கோவைக் கூட்டி வந்துவிட்டார்.

“அண்ணை, அரை மணித்தியாலம் பொறுங்கோ. தண்ணி ஏன் குளத்துக்குப் போகேல்லை எண்டு பாத்திட்டு வாறன்” என்றாள் உதயகலா.

“என்ரை வீட்டுக்கை கட்டில் மிதக்குது பிள்ளை! அரை மணித்தியாலம்தான். அதுக்கு மேலை ஏலாது.”

அவள் வெள்ளத்துக்குள் இறங்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன். வெள்ளம் முட்டிக்கொண்டு நின்றது அவளுடைய மதிலில்தான். முன்பு அங்கே பனையோலை வேலி. அதற்குக் கீழால் தண்ணீர் வீட்டு வளவுகளைக் கடந்து குளத்துக்குப் போய்விடும். கனடாவில் இருக்கும் தம்பி ஆசையாகக் கட்டிக் கொடுத்த மதில் அதை மறித்துவிட்டது. அவள் முகம் செத்துப் போயிற்று. கூரான இரும்பு அலவாங்கை எடுத்து வந்து மதிலின் அடியில் குத்தினாள். நாலு கல் பெயர்ந்ததும் வெள்ளம் வளவுக்குள் பாய்ந்து, பின்பக்கம் ஓடி, அங்கே இன்னொரு மதிலில் மோதி நின்றது.

அது என்னுடைய மதில். அதற்கு அப்பால் என் வளவு, பிறகு குளம்.

“அதை உடைக்கேலாது. போன வருசம்தான் பெயின்ற் அடிச்சனான்” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

றோட்டில் பெக்கோ இரையத் தொடங்கியது.

“அண்ணை, வெட்டப் போறாங்கள்” என்றாள். அலவாங்கை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக் குத்தினேன். முதல் குத்தில் சீமெந்துதான் உதிர்ந்தது. பிறகு எத்தனை தரம் குத்தினேனோ தெரியாது. கல் பெயர, தண்ணீர் என் காலைத் தள்ளிக்கொண்டு குளத்தை நோக்கி ஓடியது.

“நிப்பாட்டுங்கோ! தண்ணி போகுது, வெட்டாதேங்கோ!” என்று தொண்டை கிழியக் கத்தியபடி றோட்டுக்கு ஓடியவன் நான்தான்.