எழுதும் அனுமதி

ஓசூர் தொழிற்சாலையில் மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்ட மேடம், ஏசி குளிருக்காகச் சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஸ்டாக் கணக்கு இருந்த டிஸ்க்கை எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுத ஒருவருக்குத்தான் அனுமதி. அதைக் கொடுக்குமுன், "யாராச்சும் எழுதறீங்களா?" என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூவிக் கேட்பார்.

அன்று கேட்டில் லாரிகள் காத்து நிற்க, சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த நான் அவசரத்தில் பறந்துகொண்டிருந்தேன்.

"மேடம், எனக்கு இப்பவே குடுங்க."

"ஸ்டோர்ஸ்காரரு எழுதிட்டிருக்காரு. ரெண்டு பேரும் சேந்து எழுதுனா கணக்கே கெட்டுப்போயிரும். இருங்க."

ஸ்டோர்ஸ்காரர் முடித்த நொடியே எனக்கு அனுமதி வந்தது; சரக்கைக் கணக்கில் எழுதினேன். லாரிகள் கிளம்பின. துள்ளிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். மேடத்தின் திரையிலும் அதே டிஸ்க். ஆனால் படிக்க மட்டும்.

"உங்களுக்கே எழுத அனுமதி இல்லீங்களா?"

"நான்தான் எனக்கு வேணாம்னு நீக்கிட்டேன். எனக்கும் அவசரம் வரும்ல? யாரையும் கேக்காம எழுதிட்டா?"