மனதைக் காலி செய்ய உட்கார்ந்த காலம்

இரண்டாவது நாவல் பாதியில் நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. நாங்கள் குடியேறிய தெலுங்கு ஊரில், ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டின் சின்ன அறையில் காலையில் போய் உட்காருவேன். ஒரு வரி எழுதுவேன், அழிப்பேன், மதியம் சமைக்க எழுந்து வருவேன். இனி எழுதவே வராதோ என்ற பயமும் கூடவே எழுந்து வரும். அப்போதுதான் ஜென் பற்றிப் படித்தேன். மனதில் குப்பை சேர்ந்தால் புதிதாக எதற்கும் இடமில்லை, அதைக் காலி செய்தால் எழுத்து தானாக வரும் என்று புரிந்துகொண்டேன். மூழ்குகிறவளுக்கு அது போதுமாக இருந்தது.

அறையைக் காலி செய்தேன். புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றினேன், காலண்டரைக்கூடக் கழற்றினேன். பாயில் உட்கார்ந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து, மூச்சைக் கவனித்தேன்.

என் கணவர் பக்கத்திலிருந்த மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்க்காரர். கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னா, எல்லாம் தொடச்சி வச்சிட்டியா? கத வந்துச்சா?"

"சத்தம் போடாதீங்க."

"நக்கோன்னா நக்கோ. வேணான்னா வேணாம். நான் போறேன்." சிரித்துக்கொண்டே போவார். காய்கறி வண்டிக்காரரிடம் தெலுங்கில் அவர் பேரம் பேசும் சத்தம் கீழேயிருந்து கேட்கும்.

ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேசர் நழுவியது. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். வந்தது சொல்லே இல்லை. மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தது, கையும் ஓரளவு திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

"அவருக்கு எல்லாம் புரியுதுங்க. வார்த்தைதான் எடுக்க வரல" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காப்பி டம்ளரைச் சுட்டினார். "இது... இது..." உதடு துடித்தது. "சாவி" என்றார். தப்பு என்று அவருக்கே தெரிந்தது. கண்ணீர் வழிந்தது. எங்கள் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான். அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சூபிஞ்சு நான்னா, சாலு" என்றாள். காட்டினால் போதும் என்கிறாள். அவர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார்.

நான் சின்ன அறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். வெற்றுச் சுவரைப் பார்க்கவே முடியவில்லை. எந்தக் காலியான மனதுக்கு நான் ஆசைப்பட்டேனோ, அது கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறது என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன். பிறகு அந்தக் கதவையே திறக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத்தான் முதலில் திருத்தினாள். "நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க ஆன்ட்டி. அவரே சொல்லட்டும், காத்திருங்க."

அந்தக் காத்திருப்புதான் கொடுமை. அவர் ஒரு சொல்லுக்காகத் திணறும்போது என் மனம் எங்கெங்கோ ஓடும். இப்படியே இருந்துவிடுவாரா, எனக்கு ஏதாவது ஆனால் இவரை யார் பார்ப்பது, என் நாவல் செத்தே போனதா.

ஆடி மாதத்தில் ஒரு காலை, ஜன்னலைப் பார்த்து, "வெளிய... வெளிய..." என்றார். நான் அவர் உதட்டையே பார்த்தேன். அடுப்பில் குக்கர் கத்தியது காதில் விழவில்லை. பயமும் நாவலும் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த வாயும் அதில் வரப்போகும் ஒரு சொல்லும் தவிர என்னிடம் வேறெதுவும் இல்லை.

"தூறல்" என்றார்.

மழை என்று சொல்லியிருந்தால்கூட அழுதிருப்பேன். வெளியே உண்மையிலேயே தூறல்தான். இன்னொரு சொல்லுக்கு முயன்றார், வரவில்லை. டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சிந்திய காப்பியைத் துடைத்தேன்.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அவர் உதடு பிரிந்த விதம், மேலே ஏறி நின்ற புருவம், பிறகு அந்தச் சொல். ஒரு பக்கம் வந்தது. அழிக்கவில்லை. அது நாவல் இல்லை. பாதி நாவலை விட்டுவிட்டேன். மனம் காலியாவது எதுவும் இல்லாமல் போவதல்ல, எதிரே இருப்பது மட்டும் இருப்பது என்று இப்போது நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பெரும்பாலான நாட்களில் அது வாய்ப்பதும் இல்லை. பயம்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சில சொற்கள் அவருக்குத் திரும்பியிருக்கின்றன. என்னை எப்போதும் "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். அது இன்னும் வரவில்லை. நேற்று என்னை "பஸ்" என்று கூப்பிட்டார்.

"என்னங்க" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.