மற்றக் காலைத் தா

யோனை நான் முதலில் பார்த்தது பென்டில் ஹில்லில் ஒரு நண்பர் வீட்டுக் கராஜில். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறார் என்று முகநூலில் படித்துவிட்டு, வேலை முடிந்ததும் ரயிலில் இறங்கி நேராகப் போனேன். நான் ஈரோட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலைக்குச் சிட்னி வந்தவன். கல்லூரியோடு கைவிட்ட கிட்டாரை மறுபடி தொட ஆசை. யோன் மூன்று பாட்டு பாடிக் காட்டினார். மூன்றும் டச்சு மொழியில். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்த வலது கை கம்பிகள் மேல் போன விதத்தைப் பார்த்ததும், இவர் கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றிவிட்டது. போகவும் செய்தேன்.

மன்னாரில் பிறந்து நான்கு வயதில் நெதர்லாந்துக்குப் போனவர் அவர். வளர்ந்தது பிரேடா நகரத்தில். அம்மாவும் அப்பாவும் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்கு விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவார்களாம். தம்பியை எழுப்பி, உடுத்தி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் பத்து வயது மூத்த அக்கா நிரஞ்சலா. தேவாலய இளைஞர் குழுவில் யோன் கிட்டார் கற்றார். இருபது வயதில் சொந்தமாகப் பாட்டெழுத ஆரம்பித்தார். நாட்டுப்பாட்டின் நடை, ராக் இசையின் வேகம், எளிய டச்சுச் சொற்கள். இரண்டு ஆல்பங்கள் வந்தன. ஊர் ஊராகச் சின்ன அரங்குகளில் பாடினார். பாடி இறங்கியதும் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய டச்சு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பாராட்டுவார்களாம். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பதினான்கு வருடம் இதைக் கேட்டார். மூன்றாவது ஆல்பத்தை வெளியிட யாரும் முன்வரவில்லை. சிட்னியில் இருந்த அக்காவிடம் வந்து சேர்ந்தார்.

அக்கா ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தார். அவருக்கு ஒரே மகன், அனுஷன். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டான். அது நடந்து அப்போது ஆறு வருடம். கணவர் அந்த வீட்டில் இருக்க முடியாமல் பேர்த் நகரத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வீட்டில் இரண்டு படுக்கையறைகள் இருந்தும் தம்பிக்கு ஹாலில்தான் சோபா போட்டுக் கொடுத்தார். சின்ன அறை ஏன் பூட்டியிருக்கிறது என்று யோன் கேட்கவில்லை.

விடியற்காலையில், வேலைக்குக் கிளம்புமுன், அக்கா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த யோனுக்கு எல்லாம் கேட்டது. நிலம் குளிருது ராசா, சொக்ஸ் போடாமல் இறங்கக் கூடாது. ஒரு கால் போட்டாச்சு. மற்றக் காலைத் தா. பத்து நிமிடம் இப்படிப் பேசிவிட்டு வெளியே வந்து, தேநீர் போட்டுக் குடித்து, காரை எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாளும் அழுதது கேட்கவில்லை என்று யோன் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து அவர் கராஜுக்கு ஒரு புதுப் பாட்டோடு வந்தார். தமிழில் அவர் எழுதிய முதல் பாட்டு. அக்காவின் சொற்களை ஒன்றும் மாற்றாமல் மெட்டு மட்டும் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யாருடைய குழந்தை என்று கேட்டேன். ஒருவருடையதும் இல்லை, சும்மா எழுதினது என்றார். நானும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி விழா ஒன்றில் அதைப் பாடினோம். யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். ஒரு மாதத்தில் அது எங்கள் கையில் இல்லை. தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொக்ஸ் போடும் வீடியோக்களுக்கு அதைப் பின்னணியாக்கினார்கள். டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தன. பிறந்தநாள் விழாக்களுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பாட்டு தொடங்கியதும் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து காலைத் தூக்குவார்கள். யோன் பாட்டை வேகமாக்கினார், கைதட்ட இடம் வைத்தார்.

அக்கா அதை முதன்முதலில் கேட்டது ஒரு பிறந்தநாள் விழாவில்தான். அவரோடு வேலை செய்யும் நிஷானியின் மகனுக்கு மூன்று வயது. கேக் மேசைக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தார். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனதை நான் பார்த்தேன். தலைவலியாக இருக்கும் என்று நினைத்து வாசித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஒத்திகைக்காக யோனை அழைத்துப் போக அந்த வீட்டுக்குப் போனேன். இருவரும் சமையலறையில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்தும் அக்கா பேச்சை நிறுத்தவில்லை.

"அது நான் அவனோட கதைக்கிறது," என்றார்.

யோன் தரையைப் பார்த்தபடி, "சின்னனில எனக்கும் சொன்ன சொல்லுத்தானே அக்கா," என்றார்.

"உனக்குச் சொல்லேக்க நீ காலைத் தந்தனீ."

இனிப் பாட வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். யோன் தலையாட்டினார். அந்தச் சனிக்கிழமை மெல்பேர்னில், கிளேட்டன் மாணவர் விழாவில் மேடை ஏறினோம். அறுநூறு பேர். நாங்கள் தொடங்குமுன்பே கூட்டம் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. யோன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தொடக்கச் சுரத்தை வாசித்தேன்.

பிறகு வந்ததுதான் வானொலிப் பேட்டி. சந்திரவதனா என்ற அறிவிப்பாளர் நல்ல மனதோடுதான் கேட்டார்: குழந்தைப் பாட்டுத் தவிர, கனமாக ஏதாவது எழுதும் எண்ணம் உண்டா? யோனின் முகம் சுருங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பதினான்கு வருட ஆத்திரம் அது. அது குழந்தைப் பாட்டு இல்லை, செத்த பிள்ளையின் பாட்டு என்றார். அக்காவின் பெயரைச் சொன்னார். அனுஷன் பெயரையும், பூட்டிய அறையையும், சுவரையும் சொன்னார். அறிவிப்பாளர் மைக்குக்கு முன்னாலேயே அழுதுவிட்டார்.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து நிரஞ்சலாவின் கையைப் பிடித்தார்களாம். வேலையிடத்தில் இரத்தம் கொடுக்க வந்த ஒருத்தி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, நீங்கள்தானே அந்தப் பாட்டில் வாற அம்மா என்று கேட்டாளாம். யாரோ கம்பளியில் பின்னிய சின்னச் சொக்ஸ் ஒரு சோடியை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று மாலை யோனின் பெட்டியும் கிட்டாரும் அதே வாசலில் இருந்தன. பூட்டும் மாறியிருந்தது.

யோன் மெல்பேர்னுக்குப் போய்க் கிளேட்டனில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். கதை தெரிந்த பிறகு பாட்டு இன்னும் பெரிதானது. கைதட்டலை எடுத்துவிட்டு மெதுவாகப் பாடினார். நெதர்லாந்து விழா ஒன்று அவரைக் கூப்பிட்டது. நானும் கூடப் போனேன். டச்சில் கதையைச் சொல்லிவிட்டுத் தமிழில் பாடினார். கூட்டம் எழுந்து நின்று அழுதது. அவர் டச்சு நன்றாக இருக்கிறது என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டல் அறைக்கு வந்து, தன் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல நாள் என்றார்.

போன வருடம் எனக்குச் சர்க்கரை என்று சந்தேகம் வந்து இரத்தம் கொடுக்கப் போன இடத்தில் நிரஞ்சலா அக்கா இருந்தார். என் பெயரைப் படிவத்தில் பார்த்தார். கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசியை ஏற்றினார். குழாய் நிறையும்போது பேசினார்.

"மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அனுப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ பிரதீப். நான் இப்ப அந்த அறைக்குள்ள போறேல்லை. வாயைத் திறந்தா அவன்ரை மெட்டுத்தான் வருது. பிள்ளையோட கதைக்க எனக்கு வேற சொல்லு இல்லை."

பஞ்சை வைத்து, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் கிளேட்டனுக்குப் போய் யோனிடம் அதைச் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். உண்மையான அழுகைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெகுநேரம் கழித்து, அக்கா சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் போனை எடுத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். பாதியில் நிமிர்ந்தார்.

"வேற சொல்லு இல்லை எண்டு சொன்னவவோ, வேற சொல்லே இல்லை எண்டு சொன்னவவோ?"

"சொல்லு இல்லைன்னுதான் சொன்னாங்க," என்றேன்.

அந்தச் சொற்களை வைத்து அவர் எழுதிய பாட்டு இந்த மார்ச்சில் வெளிவந்தது. பேஸ் நான்தான் வாசித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு இப்போது பரமட்டாவில் வேறொரு நிலையத்துக்குப் போகிறேன்.