இம்பார்ட்டன்ட் தராத டியூஷன்

பொருளியலுக்கு டியூஷன் எடுக்கிறேன் என்று கள்ளக்குறிச்சியில் சொன்னால் முதலில் கிடைப்பது மரியாதை இல்லை, சந்தேகம். "அதுக்கெல்லாம் கூடவா டியூஷன்?" என்பார்கள். கணக்குக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கு இருக்கிற மவுசு நமக்கு என்றைக்கும் கிடையாது. வாடகை மாடியில் நாலு பெஞ்சும் ஒரு வெள்ளைப் பலகையும் போட்டுக்கொண்டு, 'தேர்ட் குரூப்' என்று ஊர் ஓரங்கட்டிய பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் என் சக வாத்தியார்களே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு படவில்லை.

என் டியூஷன் துருகம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேலே. மழை நாளில் பூச்சிமருந்து வாசனை படியேறி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். நான் சொல்லப்போவது பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு இருந்த ஒரு வருடத்தில் நடந்தது. அந்த ஜூனில் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள்.

சேர்க்க வந்தவர்

தியாகதுருகத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மகளை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். போன வருஷம் எத்தனை சென்டம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நோட்ஸ் தருவீர்களா என்றார். பிள்ளைகளே எழுதுவார்கள் என்றேன். அப்போதே அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசியாக, "இம்பார்ட்டன்டாவது ஜனவரியிலயே குடுத்துடுவீங்களா?" என்றார்.

இம்பார்ட்டன்ட் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. தேர்வில் இன்ன கேள்விதான் வரும் என்று வாத்தியார் கணித்துத் தரும் பட்டியல். நம் தொழிலில் அதுதான் பஞ்சாங்கம். வேறொருவர் நடத்திய சென்டரில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது நானும் அதை எழுதிக் கொடுத்தவள்தான். ஒரு வருடம் என் பட்டியலிலிருந்து ஒரு பெரிய கேள்விகூட வரவில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் என்னைத் திட்டவில்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். அந்த வருடத்தோடு பட்டியல் எழுதுவதை விட்டேன், கேட்கிறவரிடம் முகத்துக்கு நேராகவே முடியாது என்று சொல்லிவிடுவேன். அவரிடமும் அப்படியே சொன்னேன். மகளைச் சேர்த்துவிட்டார், ஆனால் படி இறங்கும்போது இப்படிச் சொன்னார்: "இம்பார்ட்டன்டே குடுக்க மாட்டீங்கன்னா புள்ளைங்க இன்னாத்துக்குங்க மாடி ஏறி வரணும்? புக்கு எங்க வூட்லயே கீதே."

உரக்கடையிலிருந்து ஓர் ஆட்சேபணை

அளிப்பு விதி நடத்திக்கொண்டிருந்தேன். விலை ஏறினால் அளிப்பு ஏறும், விலை இறங்கினால் அளிப்பு இறங்கும். நம் ஊர் உதாரணமாக இருக்கட்டுமே என்று கரும்பை இழுத்தேன். "கரும்புக்கு விலை ஏறினா விவசாயி என்ன பண்ணுவார்? உடனே ஜாஸ்தி கரும்பு கொண்டு வருவார்" என்று நான் சொன்னதும் படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். கீழே யூரியா வாங்க வந்த மூங்கில்துறைப்பட்டுக்காரர் ஒருவர், கடையில் கூட்டமாக இருக்கிறது என்று படியில் உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சிரிக்கிறவங்க மேல வந்து சொல்லுங்க" என்றேன். மனிதர் நிஜமாகவே வந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்று, பதற்றமே இல்லாமல் பேசினார். கரும்பு நட்டால் வெட்ட ஒரு வருஷம் ஆகும். விலை ஏறிவிட்டது என்பதற்காக அது ஒரே வாரத்தில் வளர்ந்துவிடாது. வளர்ந்த பிறகும் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தால்தான் வெட்ட முடியும், வரும் வரைக்கும் வயலில் காய்ந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். வேறு யாருக்காவது விற்கக் கூடாதா என்று ஒரு பெண் கேட்டாள். "எங்க பக்கம் வாங்கறது ஒரே ஆலைதாம்மா" என்றார்.

நான் பலகையைத் துடைத்தேன். என் உதாரணம் தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன். குறுகிய காலத்தில் அளிப்பு எளிதில் மாறாது என்று ஒரு வரி எழுதினேன். வாங்குபவர் ஒருவரே இருந்தால் அதற்கு வாங்குவோர் முற்றுரிமை என்று பெயர் என்று அடுத்த வரி எழுதினேன். அவர் அந்த இரண்டாவது வரியை நிதானமாகப் படித்துவிட்டுச் செருப்பை மாட்டினார். "இதுக்கு ஒரு பேரு வேற வெச்சிக்கிறாங்களா? நாங்க பேரு தெரியாமலே மாட்டிக்கினு இருக்கோம்."

இருபத்திரண்டு

அந்தப் பதினொரு பேரில் மாதேஸ்வரி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் மேலே ஓர் ஊர், கீழே விடுதியில் தங்கிப் படித்தாள். காலாண்டுத் தேர்வில் மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டு பொருளியலில் இருபத்திரண்டு வாங்கினாள். அவள் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார். பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன் பள்ளியிலேயே ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் முப்பத்தைந்து வாங்கினால் இருக்கலாம், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் பிரைவேட்டாக எழுதிக்கொள்ளலாம் என்றாராம். அப்பா சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு மலை ஏறிவிட்டார். டிசி வாங்கினால் அடுத்த வாரமே அவளை அக்காவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதாகவும் முடிவாகியிருந்தது. இதையெல்லாம் மாதேஸ்வரி பஸ் நேரம் சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னாள். இவளை அனுப்ப விடக் கூடாது என்று எனக்குத்தான் ஒரு வெறியே வந்தது.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். தேவை விதியை விளக்குக என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கம், கைடில் இருக்கிற வரிகள் ஒரு எழுத்து மாறாமல் இருந்தன. நடுவில், அழகாக அடிக்கோடிட்டு, 'படம் 3ஐப் பார்க்க' என்று எழுதியிருந்தாள். தாளை முன்னும் பின்னும் திருப்பினேன். எந்தப் படமும் இல்லை. "படம் எங்கடி?" என்றேன். "கைடுல அப்படித்தான் மிஸ் போட்டிருந்துச்சு. படம் அடுத்த பக்கத்துல. அந்தப் பக்கம் நான் இன்னும் மனப்பாடம் பண்ணல."

எதிர்வாடையில் ஒரு ஃபிளெக்ஸ்

அக்டோபரில் எதிர்வாடையில் ஒரு பெரிய சென்டர் வந்தது. ஏசி, நீல நாற்காலி, வாசலை அடைத்து ஒரு ஃபிளெக்ஸ், அதில் வேறு ஊர்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். நடத்துகிற சார் நல்ல மனிதர்தான், இனிப்போடு என்னைப் பார்க்க வந்தார். "மேடம், நமக்குள்ள போட்டியே வேணாம். வருஷம் பூரா நீங்க நடத்துங்க. கடைசி மாசம் இம்பார்ட்டன்டுக்கு மட்டும் எங்கிட்ட அனுப்புங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டே வாரத்தில் என் பதினொன்றில் ஆறு அந்த நீல நாற்காலிக்குப் போய்விட்டது. முதலில் போனது ஜவுளிக்கடைக்காரர் மகள்.

மிச்சம் ஐந்து பேர். ஒருநாள் மாதேஸ்வரியின் நோட்டிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாள் விழுந்தது. எதிர் சென்டரின் இம்பார்ட்டன்ட். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். வீட்டுக்குப் போன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. நாற்பது தாண்டிய நான் என் வீம்பை ஒரு பதினாறு வயசுப் பெண்ணின் தலையில் கட்டுகிறேனோ? அவள் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டிருந்தால் என் கொள்கையை நான் எந்த முகத்தோடு பேசுவது? மறுநாள் டிராயரைத் திறந்து தாளை அவள் கையில் கொடுத்து, வேண்டுமென்றால் இதையே படி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றேன். அவள் அதை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல கேள்விதான் மிஸ் இருக்குது. எனக்குப் பதில்தானே வர்ல."

கைடை மூடு

அன்றைக்கே கைடை மூடச் சொன்னேன். "உங்க ஊர்ல என்ன விளையும், யார் வந்து வாங்குவாங்க, அதைச் சொல்லு" என்றேன். ஜூனிலிருந்து வகுப்பில் வாய் திறக்காத பெண் இருபது நிமிஷம் பேசினாள். மரவள்ளிக் கிழங்கு வாங்க மினி லாரியில் ஒரு தரகர் வருவார். அவர் ஒருத்தர்தான் என்றால் அவர் சொன்னதுதான் விலை. ஒரு வருஷம் சேலம் பக்கமிருந்து இன்னொரு லாரி வந்தது, ஒரே நாளில் விலை ஏறியது. எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் கிழங்கு பிடுங்கினால் விலை படுத்துவிடும். அதனால் கையில் கொஞ்சம் தெம்பு இருக்கிறவர்கள் பிடுங்காமல் காத்திருப்பார்கள். "கரும்பு மாதிரி இல்ல மிஸ். கெழங்கு மண்ணுலயே இன்னும் ரெண்டு மாசம் கெடக்கும்" என்றாள். அந்தக் கரும்புக்காரர் படியில் உட்கார்ந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார்.

பலகையை அவளிடம் விட்டேன். செங்குத்துக் கோட்டில் விலை, படுக்கைக் கோட்டில் கிழங்கு. படம் முதலில், அதற்குப் பிறகுதான் எழுத்து, இதுதான் இனிமேல் சட்டம் என்றேன். அவளே வரைந்தாள், அவளே அதில் லாரியையும் ஊரையும் காட்டி விளக்கினாள். மற்ற நாலு பேரும் கேட்காமலே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முடித்துவிட்டு மார்க்கரின் மூடியைப் போட்டபடி சந்தேகமாக என்னைப் பார்த்தாள். "இதையெல்லாம் எழுதினா மார்க்கு போடுவாங்களா மிஸ்? இது எங்க வூட்டுக் கதையாச்சே."

தீபாவளி விடுமுறை

தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வந்து சொன்னது இது. தரகர் வருகிறார் என்று தெரிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறை மேல் ஏறியிருக்கிறாள். அவள் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஆத்தூரில் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் எடை போடும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டாள். தரகர் வந்து வழக்கம்போல ஒரு விலை சொன்னார். அப்பா வழக்கம்போலத் தலையாட்டப் போனார். இவள் குறுக்கே வந்து ஆலை விலையைச் சொல்லி, லாரிச் செலவை அவர் எதிரிலேயே கழித்துக் காட்டி, இவ்வளவு தந்தால் இப்போது பிடுங்குகிறோம், இல்லாவிட்டால் கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும் என்றாளாம். வாங்குவோர் முற்றுரிமை என்றுகூட ஒரு வார்த்தை விட்டிருக்கிறாள்.

தரகர் மூன்று வாரம் கழித்து வந்து அந்த விலைக்கே எடுத்துக்கொண்டார் என்று அப்புறம் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் இவளோடு பேரம் பேசவில்லை. அப்பா பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "'இந்தப் பொண்ணுக்கு ஸ்கூலு எப்பங்க தொறக்கறாங்க?'ன்னு கேட்டாரு மிஸ்."

தலைமை ஆசிரியர் அறையில்

பள்ளித் தேர்வில் மாதேஸ்வரி வாங்கியது முப்பத்தி நாலு. படம் போட்டு எழுதிய இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். நேரம் போதாமல் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டாள். ஒரே ஒரு மார்க். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நான் அழுதேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுநாள் அவள் அப்பா என் மாடிக்கு வந்து, "டீச்சரம்மா, ஸ்கூலு வரைக்கும் கூட வாங்க" என்றார். கையெழுத்துப் போடத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

தலைமை ஆசிரியர் டிசி விண்ணப்பத்தை எடுத்து வைத்திருந்தார். "ஒரு மார்க்குதான், எனக்கும் கஷ்டமா இருக்குது மேடம். ஆனா ரிசல்ட்டு கம்மியானா மேல இருந்து என்னைத்தான் கேக்கறாங்க" என்றார். நான் பொரிந்து தள்ள வாயெடுத்தேன். மாதேஸ்வரியின் அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். போன தடவை எவ்வளவு என்று கேட்டார். இருபத்திரண்டு என்றார் தலைமை ஆசிரியர். இப்போது என்றார். முப்பத்தி நாலு. பொதுத் தேர்வுக்கு இன்னும் எத்தனை மாசம் என்றார். நாலு என்று பதில் வந்தது. காலாண்டில் எல்லாவற்றுக்கும் சரிங்க சொன்ன அந்த மனிதர், விண்ணப்பத்தை இரண்டு விரலால் மேஜையின் அந்தப் பக்கமே தள்ளிவிட்டார். "வெல ஏறிக்கினு இருக்கறப்ப எவனாச்சும் கெழங்கைப் புடுங்குவானாங்க?"

அந்த விண்ணப்பம் எந்தக் கோப்புக்குப் போனதோ தெரியாது, பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் போனது. பொதுத் தேர்வில் எதிர்வாடை சாரின் இம்பார்ட்டன்டிலிருந்து பாதிக்கு மேல் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடைக்காரர் மகள் எண்பத்தொன்பது. மாதேஸ்வரி ஐம்பத்தெட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் படத்தோடு. அடுத்த ஜூனில் ஏழு பேர் மாடி ஏறி வந்தார்கள், அதில் மூன்று பேர் மலையிலிருந்து. இம்பார்ட்டன்ட் இன்றைக்கும் கொடுப்பதில்லை.

நல்ல பொருளியல் டியூஷன் வாத்தியார் என்பவர், கரும்புக்காரரும் கிழங்குக்காரரும் பாடம் நடத்த வரும்போது மார்க்கரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கத் தெரிந்தவர், அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் நான் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன்.